சேமியா ஐஸ்

மனிதர்களின் சுபாவத்தை அறியக் கைரேகை பார்ப்பவர்கள் உண்டு. ஜாதகம் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை போதாது. ஆளை ஓர் ஐஸ்கிரீம் கடைக்கு அழைத்துப் போய், ரகங்களின் பெயர் எழுதிய பலகைக்கு முன்னால் நிறுத்திவிட்டால் போதும் என்பது என் கட்சி. சிலர் பலகையை நிமிர்ந்தே பார்ப்பதில்லை. "வெனிலா" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தேடுவார்கள். அவர்கள் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டதும் அப்படித்தான் இருந்திருக்கும். சிலர் பலகை முழுவதையும் இரண்டு தரம் படித்து, கடைப் பையனிடம் நாலு சந்தேகம் கேட்டு, கடைசியில் பக்கத்து மேஜைக்காரர் சாப்பிடுவதையே தமக்கும் கொண்டு வரச் சொல்வார்கள். மூன்றாவதாகவும் ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் வலது ஓரத்து விலைகளை முதலில் படித்துவிட்டு, பிறகுதான் இடது பக்கத்துப் பெயர்களுக்கு வருவார்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். நாற்பது வயதைத் தாண்டி, நாலு நாவலும் எழுதி, ஐஸ்கிரீம் வாங்கக் கைமாற்றுக் கேட்க வேண்டியதில்லை என்கிற நிலைமை வந்த பிறகும் என் கண் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இன்று சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் போனால் இப்படி நின்று படிக்கப் பலகைகளுக்குக் குறைவில்லை. முப்பது நாற்பது ரகம் சர்வ சாதாரணம். இந்த எண்ணிக்கைப் பைத்தியம் நம்முடையதல்ல. அமெரிக்காவில் பாஸ்கின் ராபின்ஸ் என்ற கம்பெனி 1953ஆம் வருஷத்திலேயே மாதத்தில் நாளைக்கு ஒன்றாக 31 ருசிகள் என்று விளம்பரம் செய்தது. வெனிஸூலா தேசத்தில் மெரிடா என்று ஒரு மலைநகரம். அங்கே கொரொமோட்டோ என்ற கடை அதையும் தூக்கி அடித்து, எண்ணூற்றுக்கு மேற்பட்ட ருசிகளைச் செய்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அவற்றில் பூண்டு உண்டு, மீன்கூட உண்டு. பூண்டு ஐஸ்கிரீமைக் கற்பனை செய்து பார்த்தேன். பிள்ளை பெற்ற வீட்டுப் பூண்டு லேகியத்தை யாரோ குளிர்பெட்டியில் மறந்து வைத்துவிட்டது போல் இருந்தது. ஆனால் அதற்காகச் சிரிக்கும் யோக்கியதை நமக்கு இல்லை. கடல்பாசியைப் பாலில் போட்டு, நன்னாரி சர்பத்தை ஊற்றி, மேலே ஐஸ்கிரீமை வைத்து மதுரையில் ஜிகர்தண்டா கொடுக்கிறார்கள். முதல் தரம் கேட்கிறவனுக்கு அதுவும் பூண்டுக்குச் சளைத்ததாக இருக்காது. சாப்பிட்ட பிறகு நாக்கு தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்கிறது.

பலகையில் முதலாவதாக இருக்கும் வெனிலாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றும் சேர்க்காத ஐஸ்கிரீமுக்குத்தான் வெனிலா என்று பெயர் என நினைக்கிறவர்கள் நம்மில் அநேகர். வெனிலா என்பது மெக்ஸிகோவின் ஒரு கொடி. அதை வேறு தேசங்களுக்குக் கொண்டு போய் நட்டார்கள். படர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. 1841ஆம் வருஷத்தில் இந்துமாக்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன், சின்னக் குச்சி ஒன்றைக்கொண்டு பூவுக்குள் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் தோட்டங்களில் வெனிலாப் பூவுக்குக் கையாலேதான் மகரந்தம் சேர்க்கிறார்கள். அந்தச் சிறுவன் அடிமை. 1848இல் அடிமை முறை ஒழிந்தபோது விடுதலை பெற்றான். 1880இல் வறுமையில் செத்துப் போனான். அவனுடைய குச்சியால் உலகத்துப் பணக்காரர்களின் கிண்ணங்கள் மணந்தன. பிறகு அந்தக் கொடிக்கும் வேலை குறைந்துவிட்டது. 1874இல் ஜெர்மானிய ரசாயனிகள் அந்த வாசனையை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். விலை மலிந்த ஐஸ்கிரீமில் நாம் சாப்பிடுவது அநேகமாக அந்த ஆய்வுக்கூடத்து வெனிலாதான்.

எனக்குப் பிடிக்காதது வெனிலா அல்ல, பிஸ்தா. பிஸ்தாப் பருப்பின் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. நான் சின்ன வயதில் கல்யாண வீடுகளில் சாப்பிட்ட பிஸ்தா ஐஸ்கிரீமில் பிஸ்தா இருந்ததில்லை என்பதுதான் சங்கதி. பச்சை நிறம் இருந்தது. பாதாம் எசன்ஸ் மாதிரி ஒரு வாசனை இருந்தது. ரோஸ் நிறமாக இருந்தால் ஸ்ட்ராபெரி, மஞ்சளாக இருந்தால் மாம்பழம், பச்சையாக இருந்தால் பிஸ்தா. எங்கள் தலைமுறை ருசிகளைக் கண்ணால்தான் கற்றது. உண்மையில் அந்த மூன்றையும்விட ஒரே ஒரு ருசிதான் எனக்குத் திட்டமாக நினைவிருக்கிறது. அது தட்டையான அந்த மரக்கரண்டியின் ருசி.

குளிர்ச்சிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நாக்கு குளிர்ந்து போனால் இனிப்பு சரியாகத் தெரிவதில்லை. அதனால் ஐஸ்கிரீமில் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. உருகிப் போனதைக் குடித்துப் பாருங்கள், திகட்டும். இன்னொன்று காற்று. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் நிறை இருக்க வேண்டும் என்று நம் நாட்டு உணவுச் சட்டம் சொல்கிறது. மிச்சத்துக்குக் காற்றை அடித்து நிரப்பிக்கொள்ளலாம் என்பது அதன் மறுபக்கம். பாலின் கொழுப்பு நூற்றுக்குப் பத்துப் பங்காவது இருந்தால்தான் வெறுமனே ஐஸ்கிரீம் என்று பெயர் போடலாம். பாலுக்குப் பதில் தாவரக் கொழுப்பு என்றால் 'புரோஸன் டெஸர்ட்' என்று போட வேண்டும். டப்பாவின் மூலையில் பொடி எழுத்தில் போட்டுத்தான் இருக்கிறார்கள். விலைப் பக்கத்தை முதலில் படிக்கும் என்னைப் போன்றவர்கள் அந்தப் பொடி எழுத்தையும் படிப்பது நல்லது.

எங்கள் சீமைக்கென்று ஐஸ்கிரீம் விஷயத்தில் இரண்டு வேடிக்கைகள் உண்டு. முதலாவது முட்டை. மேல்நாட்டில் பழைய முறைப்படி ஐஸ்கிரீம் செய்ய முட்டையின் மஞ்சள் கரு வேண்டும். நாமக்கல்லிலிருந்து நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை லாரி ஏறுகிறது. ஆனால் நாமக்கல் கடைகளில் விற்கும் ஐஸ்கிரீமைத் திருப்பிப் பார்த்தால், சைவம் என்பதற்கு அடையாளமான பச்சைப் பொட்டு சிரிக்கிறது. இரண்டாவது மாம்பழம். சேலம் என்றால் மல்கோவா. ஆனால் ஐஸ்கிரீமுக்குப் போகும் மாம்பழக் கூழ் அநேகமாக வேறு ஜாதி. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகளில் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாம்பழத்துக்குத்தான் மவுசு. நார் குறைவு, சதை அதிகம், மலிவு. மல்கோவாவோ பெரிய மனிதர் வீட்டு மாப்பிள்ளை மாதிரி. வருஷத்தில் கொஞ்ச நாள்தான் தரிசனம், விலையும் ஜாஸ்தி. சேலத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் கோடையில் மல்கோவாவைப் பிசைந்து பாலோடு சேர்த்து, பழைய மரத்தொட்டி யந்திரத்தில் போட்டு, சுற்றிலும் ஐஸ் கட்டியும் கல் உப்பும் கொட்டிக் கையால் சுற்றுவார்கள். ஐஸோடு உப்புச் சேர்ந்தால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரைகூட இறங்கும். அரை மணி நேரம் தோள் வலிக்கச் சுற்றிய பிறகு கிடைக்கும் அந்த ஒரு கிண்ணத்தைப் பிடித்தவற்றின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலிடம் அதற்கும் இல்லை.

முதலிடத்துக்கு வருவதற்கு முன் ஐஸ் நம்மிடம் வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் ஏரிகள் உறையும் காலத்தில் பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் புதைத்து, பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார் பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. சென்னைக் கடற்கரையில் அந்த ஐஸைச் சேமிப்பதற்காகக் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதனால் இன்று அதற்கு அவருடைய பெயர். பாதி உலகத்தைச் சுற்றி வந்த அந்தப் பனிக்கட்டி வெள்ளைக்காரத் துரைகளின் கிளாஸில்தான் கரைந்தது. ராசிபுரத்துக்குத் தெற்கே, கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் எங்கள் ஊருக்கு ஐஸ் வந்து சேர இயந்திரம் வர வேண்டியிருந்தது, மின்சாரம் வர வேண்டியிருந்தது, கடைசியில் ஒரு சைக்கிளும் வர வேண்டியிருந்தது.

சைக்கிளின் பின்னால் நீலப் பெயிண்ட் அடித்த மரப்பெட்டி. உள்ளே தகரம். ஹாண்டில் பாரில் ரப்பர் ஊதுகுழல். 1980களின் கடைசியில், வெயில் ஏறிப் பதினோரு மணி சுமாருக்கு அந்த 'பாம் பாம்' கேட்டால் எங்கள் தெருவில் நாய்களைத் தவிர மற்ற எல்லோரும் எழுந்துவிடுவார்கள். பெட்டியில் மூன்றே ரகம். சிவப்பும் ஆரஞ்சும் திராட்சையுமாகச் சாயம் போட்ட சாதா ஐஸ் பத்துப் பைசா. பால் ஐஸ் கால் ரூபாய். சேமியா ஐஸ் அரை ரூபாய். பலகை இல்லை; வலது பக்கம், இடது பக்கம் இல்லை. கையிலிருக்கும் காசே ரகத்தைத் தீர்மானித்துவிடும்.

சேமியா ஐஸ் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பாலில் சர்க்கரையும் கொஞ்சம் மாவும் கரைத்துக் காய்ச்சி, வெந்த சேமியாவைப் போட்டு, அச்சில் ஊற்றிக் குச்சியைச் செருகி உறைய வைப்பார்கள். சில நாள் சேமியாவுக்குப் பதில் ஜவ்வரிசி. அச்சில் ஊற்றியதும் சேமியா அடியில் போய்த் தங்கிவிடும். அச்சிலிருந்து உருவும்போது அந்த அடிதான் ஐஸின் தலை. ஆகவே முதல் கடியிலேயே சேமியா அகப்படும். போகப் போக வெறும் பால். குச்சியை எட்டும்போது வெறும் குளிர்ச்சி. இன்பத்தை முதலிலேயே கொடுத்துவிட்டுப் பிறகு ஏமாற்றுகிற வஸ்து உலகத்தில் அநேகம் உண்டு. அவற்றுள் குற்றமற்றது சேமியா ஐஸ் ஒன்றுதான். மாவு எதற்கு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உறையும்போது பெரிய பெரிய பனிப் படிகம் விழாமல் ஐஸ் மெத்தென்று இருக்கும். பெரிய கம்பெனிகளும் அதே காரியத்துக்காகத்தான் ஏதேதோ பெயரில் சரக்குகள் சேர்க்கின்றன.

எங்கள் பக்கத்தில் அந்த மாவுக்குப் பஞ்சமே இல்லை. மரவள்ளியை நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். அதை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளிய வைத்து, மாவைத் துணியில் குலுக்கி உருட்டி, வறுத்துக் களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. யுத்த காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு நின்று போன 1940களில் சேலத்தில் தலையெடுத்த தொழில் இது. 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமும் வந்தது. என் அப்பா ஒரு சேகோ பாக்டரியில் கணக்கு எழுதினார். அவர் சட்டையிலும் எங்கள் வீட்டுச் சுவரிலும் ஊர்க் காற்றிலும் அந்தக் கிழங்குப் பாலின் புளிப்பு வாடைதான். ஜவ்வரிசி போட்ட ஐஸைச் சப்பும்போது, அந்த வாடையிலிருந்து யாரோ புளிப்பை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்தது போலிருக்கும். எண்ணூறு ருசி செய்த மெரிடாக் கடையிலும் எங்கள் ஊர்க் காற்றின் ருசி கிடைத்திருக்காது.

காசில்லாதவர்களையும் ஐஸ்காரர் விட்டுவிடுவதில்லை. பழைய இரும்பு, புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, கொட்டமுத்து எதுவானாலும் வாங்கிக்கொண்டு ஐஸ் கொடுப்பார். ஆமணக்கு விதையைத்தான் நாங்கள் கொட்டமுத்து என்கிறோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் சுற்று வட்டாரத்து டீக்கடைகள் சிலவற்றில் ஊர்க்காரர்களுக்கு ஒரு டம்ளர், சேரிக்காரர்களுக்கு ஒரு டம்ளர். ஐஸ் பெட்டியில் அந்த வித்தியாசத்துக்கு இடமில்லாமல் போயிற்று. டம்ளர் இருந்தால்தானே இரண்டாக வைக்க முடியும்? ஒரே பெட்டி, ஒரே கை, ஆளுக்கொரு குச்சி. எங்கள் தெருவில் பால் ஐஸ் விற்றவர், அடுத்த பத்தாவது நிமிஷத்தில் சேரியில் அதே பெட்டியிலிருந்து அதே பால் ஐஸை எடுத்துக் கொடுத்தார். யாரும் அதைப் புரட்சி என்று நினைக்கவில்லை, அவர் உள்பட.

எங்கள் வீட்டில் குழந்தைகள் மூன்று பேர். அக்கா, நான், தம்பி. அம்மா மூன்று ஐஸ் வாங்குவாள். "உனக்கும்மா?" என்று அக்கா கேட்பாள். "எனக்கு ஐஸு புடிக்காது" என்பாள் அம்மா. ஐஸ் மட்டுமல்ல. அம்மாவுக்கு ஆட்டு ஈரல் பிடிக்காது. தியேட்டரில் சோபா டிக்கெட் பிடிக்காது. தீபாவளிக்குப் பட்டுப் புடவை பிடிக்காது. நமது வீடுகளில் 'பிடிக்காது' என்பது நாக்கைப் பற்றிய வார்த்தையே அல்ல. அது கணக்கு நோட்டில் வர வேண்டிய வார்த்தை. நாலு பேர், மூன்று ஐஸ் என்றால் மிச்சம் வருவதற்குப் பெயர் பிடிக்காது. பலகையைப் பார்த்து இது பிடிக்கும், இது பிடிக்காது என்று தரம் பிரிக்க முதலில் இரண்டையும் தின்று பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஓர் ஆஸ்தி வேண்டும்.

போன வருஷம் கண் பரிசோதனைக்காக அம்மாவைச் சேலத்துக்கு அழைத்து வந்திருந்தேன். வயது எழுபதை நெருங்குகிறது. திரும்பும் வழியில், வெயில் தாளாமல் ஓர் ஐஸ்கிரீம் கடைக்குள் நுழைந்தோம். அவளுக்கு ஒத்துக்கொள்ளுமே என்று இளநீர் ஐஸ்கிரீமாகப் பார்த்து வாங்கினேன். 1984இல் பம்பாய் ஜுஹுவில் கடை வைத்த ரகுநந்தன் காமத் என்பவர், மங்களூர்ப் பக்கத்துப் பழ வியாபாரியின் மகன், பேர் வாங்கிக் கொடுத்த ருசி அது. நல்ல ருசி, வழுக்கை பல்லில் தட்டுப்படும். அம்மா இரண்டு கரண்டி சாப்பிட்டாள். கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"நல்ல எளநியக் கெடுத்துப் போட்டானுங்க, சாமி."

நான் சிரித்தேன். அவள் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "அந்தச் சேமியா ஐஸு இப்பல்லாம் வாரதில்லையா?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான் ஐஸே பிடிக்காதேம்மா. சேமியா ஐஸ் எப்படித் தெரியும்?"

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க மூணு பேரும் பள்ளிக்கூடம் போன பொறவு வருவானில்ல, அப்ப ஒரு நா வாங்குனேன். ரெண்டு படி கொட்டமுத்துப் போட்டு. ஒரு நா என்ன, நாலஞ்சு தரம் வாங்கியிருப்பேன். சமையக்கட்டுல நின்னுக்கிட்டே தின்னேன். உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது." சொல்லிவிட்டு, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் செய்த களவுக்காக, சின்னப் பெண் மாதிரி வெட்கப்பட்டாள்.

தமிழ்க் கதைகளில் அம்மாக்கள் தின்னமாட்டார்கள். தின்பதைப் பார்த்துப் பசியாறுவார்கள். அந்த ஜாதி அம்மாக்களைப் படித்துக் கண்ணீர் விடாத வாசகர் இல்லை. என் அம்மா தனக்கென்று ஒரு ருசியை வைத்திருந்தாள் என்று கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கூடவே ஒரு முள்ளும் தைத்தது. அவளுடைய வீட்டுக் கொட்டமுத்து, அவளே பொறுக்கிச் சேர்த்தது. அதைப் போட்டு வாங்கிய அரை ரூபாய் ஐஸைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவளால் தின்ன முடியவில்லை. அடுப்படியில், நின்றுகொண்டு, சைக்கிள் தெருமுனை திரும்புவதற்குள் தின்று, குச்சியை அடுப்பில் போட்டிருக்கிறாள். "எனக்கு இது பிடிக்கும்" என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்ல முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

சேமியா ஐஸ் அடியோடு போய்விடவில்லை. 1970இல் சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸ் செய்து தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கிய ஒரு கடை, இன்று அருண் ஐஸ்கிரீம் என்று வளர்ந்து சின்ன ஊர்களில்கூடக் கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் பெருகப் பெருக எங்கள் பக்கத்துச் சைக்கிள்கள் குறைந்தன. ஆனாலும் கோயில் திருவிழா என்றால் எங்கிருந்தோ இரண்டு சைக்கிளாவது வந்துவிடும். போன ஐப்பசியில் ராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மன் திருவிழாவுக்கு அம்மாவை அழைத்துப் போனேன். தேரடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. சேமியா ஐஸ் இரண்டு வாங்கினேன். கூட்டத்தை விட்டு விலகி, ஒரு கடைப் படியில் அம்மா உட்கார்ந்தாள். ஊரே பார்க்க, தலையிலிருந்து ஒரு கடி கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"எப்படிம்மா?"

"அன்னிக்கு மாதிரி இல்ல. சேமியாவக் கொறச்சுப் போட்டான். பாலும் தண்ணி" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அதை என்னிடம் நீட்டினாள். "எனக்குப் புடிக்கல. அந்தப் பெட்டியில பால் ஐஸு இருக்குதான்னு கேளு."